வில்லுக்காரம்மாவின் கண்ணாடித் தட்டு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

டாக்டர் பாய். கடை அவருடையது. பட்டம் உண்டா என்று நான் கேட்டதில்லை. அவரிடம் பல் பிடுங்கினவன் மறுவாரம் தன் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வருவான். எனக்கு அது போதும்.

வில்லுக்காரம்மா. அம்மன் கோயில் திருவிழாக்களில், அதாவது கொடைகளில், வில்லுப்பாட்டுப் பாடுகிறவர். வயசு ஐம்பது இருக்கும். மேல்வாயில் ஒரு பல்கூடக் கிடையாது.

அவருடைய வீட்டுக்காரர். வில்லில் குடம் அடிக்கிறவர். அந்தம்மா ஒரு வரி சொன்னதும் "ஆமா" போடுகிற வேலையும் அவருக்குத்தான்.

புதூர்ப் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர். அவருடைய ஊரில் கொடையை நடத்துகிறவர். பாட அழைக்கிறவர்களுக்கு அச்சாரமாகக் கொடுக்க மடியில் வெற்றிலை பாக்கு முடிந்திருந்தார்.

அப்புறம் நான். பல் கட்டுகிற வேலை. அப்போது எனக்கு முப்பது வயசு, கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த வேலைக்கு நீங்கள் புதுசு. செய்முறையை உங்களுக்கு வேறு ஆள் சொல்லித் தருவார். பலகையில் எழுதியும் போட்டிருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பலகையில் இல்லாதது.

சாமானைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

கட்டுகிற பல்லைத் தாங்கி ஈறுமேல் உட்காருகிற தட்டு, முன்னால் எல்லாம் ரப்பர்தான். காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு நிறம். வாயில் வைத்தால் சைக்கிள் டயர் வாசனை. பிறகுதான் நம்முடைய சரக்கு வந்தது. ஒரு பொடி, ஒரு திரவம். ரெண்டும் ஒரே சரக்குதான். பொடி ஏற்கனவே இறுகினது. திரவம் இன்னும் இறுகாதது. இறுக வேண்டும் என்கிற ஆசை அந்தத் திரவத்துக்குள்ளேயே இருக்கிறது. செய்கிறவர்கள் அதை அடக்க ஒரு துளி மருந்து போட்டு, பழுப்பு பாட்டிலில் அடைத்து அனுப்புவார்கள். வெயிலும் வெளிச்சமும் சேர்ந்து தாக்கினால் மருந்து தோற்றுப்போகும். பொடியையும் திரவத்தையும் கலந்து சூடு காட்டினால் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே கட்டியாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது.

பொடியில் சாயம் சேர்த்திருந்தால் ஈறு நிறம். சேர்க்காவிட்டால் கண்ணாடி மாதிரி. மெட்ராஸிலிருந்து வரும் சரக்குக்காரர், சண்டைக் காலத்தில் ஏரோப்பிளேனுக்கு ஜன்னல் போட்டது இதில்தான் என்பார். ஏரோப்பிளேனை நான் ஆகாயத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு துண்டை எடுத்துச் சிமெண்டுத் தரையில் ஓங்கி எறிந்து பார்த்தேன். முனை லேசாக மழுங்கியது. உடையவில்லை. அன்றைக்கு வந்த மரியாதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வில்லுக்காரம்மாவுக்கு ஈறு அழுகி, மேல்பல் எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. புண் ஆறி, வாய்க்கு அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கிப் பார்த்து எல்லாம் சரி. மெழுகை உருக்கி வெளியே விட்டு, பித்தளைப் பெட்டிக்குள் சுண்ண அச்சும் தயார். பல்லெல்லாம் அச்சுக்குள் உட்கார்ந்திருந்தது. மெழுகு இருந்த இடத்தில் பொடியும் திரவமும் குழைத்த மாவைத் திணித்து வேகவைக்க வேண்டியதுதான் பாக்கி.

வில்லுப்பாட்டு ஆரம்பிக்கிறது 'தந்தனா'வில். பல் இல்லாதவர் சொல்லிப் பாருங்கள். நாக்கு போய் முட்ட இடம் இருக்காது. காற்றுதான் வரும்.

அந்தம்மாவுக்குப் பல் போன சேதி ஊர் ஊராகப் போய்விட்டது. பெரியவருடைய ஊர்க் கொடைதான் அந்தக் கரிசல் பக்கத்தில் முதல் கொடை. அங்கே பாடினவர்களைத்தான் மற்ற ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள். அங்கே இடம் தவறினால் அந்த வருஷம் அவ்வளவுதான். வில்லை மூட்டை கட்டி வைத்துவிட்டு, புருஷனும் பெண்சாதியும் களையெடுக்கப் போக வேண்டியதுதான். அதுவும் மழை பெய்தால்.

பெரியவர் நியாயமான ஆள். காலையில் வந்ததுமே சொல்லிவிட்டார்.

"ஓட்டப்பிடாரம் பஸ் மூணு மணிக்கு. அதுக்குள்ள உங்க குரலை ஒருவாட்டி கேட்டுட்டேன்னா வெத்தல உங்களுக்குத்தான். இல்லேன்னா அங்கன வேற செட்டு இருக்கு. கொடுத்துட்டு ஊருக்குப் போயிருவேன். வருத்தப்படக் கூடாது."

வில்லுக்காரம்மா சரி என்றார். குடக்காரர் பழக்க தோஷத்தில் "ஆமா" என்றார்.

வேலையை ஆரம்பிக்கப் புதுப் பாட்டிலை எடுத்தேன். முந்தின நாள் பார்சலில் வந்தது. மூடியைத் திறந்து சாய்த்தேன். வரவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

டாக்டர் பாய் வாங்கி, துணியில் சுற்றி, சுத்தியலால் பாட்டிலைத் தட்டினார். கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்தன. உள்ளே இன்னொரு பாட்டில் நின்றது. அதே உருவம், அதே கழுத்து. ஊற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக, ஆனால் கெட்டியாக. வழியில் எங்கேயோ சித்திரை வெயிலில் கிடந்து, போட்ட மருந்து தோற்றுப்போய், திரவம் முழுசும் தானாக இறுகியிருக்கிறது.

அழகாக இருந்தது. அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது.

பாய் யாரையும் வையவில்லை. அலமாரியைத் துழாவினார். பழைய பாட்டிலின் அடியில் கொஞ்சம் திரவம் இருந்தது. ஒரு தட்டுக்குக் காணும். ரெண்டாவது தடவைக்குக் கிடையாது. மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு அடுத்த பார்சல் வருவதற்குள் கொடை முடிந்துவிடும்.

நான் ஈறு நிறப் பொடி டப்பாவை எடுத்தேன். பாய் அதைத் திருப்பி வைக்கச் சொன்னார். மூலையிலிருந்து நிறமில்லாத பொடியை எடுத்தார். சில பேர் வாய்க்கு முதலில் கண்ணாடித் தட்டு செய்து போட்டுப் பார்ப்பதற்காக அவர் வைத்திருந்தது அது.

குடக்காரர் பதறிவிட்டார். கண்ணாடிப் பல்லா, சனம் சிரிக்காதா என்று கேட்டார். பெரியவர் அதற்கு, சிரிக்கட்டுமே, வில்லுக்குத் தனியா, வாய்க்குத் தனியா ரெண்டு வசூல் வரும் என்றார்.

பாய் குடக்காரரிடம் பொறுமையாகச் சொன்னார். புதுத் தட்டு எதுவுமே முதல் நாள் எங்கேயாவது அழுத்தும். ஈறு நிறத் தட்டில் அழுத்துகிற இடம் வெளியே தெரியாது. ரெண்டு நாள் போட்டு, புண்ணான பிறகுதான் தெரியும். அப்போதும் குத்துமதிப்பாகத்தான் சுரண்ட வேண்டும். கூடச் சுரண்டிவிட்டால் தட்டு ஆடும். மறுபடி செய்யச் சாமான் இல்லை. கண்ணாடித் தட்டு என்றால் அடியில் ஈறு தெரியும். அழுத்துகிற இடத்தில் ரத்தம் விலகி வெளுக்கும். அந்த இடத்தை மட்டும் ராவினால் போதும்.

கடைசியாக ஒன்று சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் மறக்காதது அது.

"ஒரு வாட்டிதான் செய்ய முடியும்னா, தப்பை மறைக்குத சாமான்ல செய்யக் கூடாது. தப்பைக் காட்டுத சாமான்லதான் செய்யணும்."

வில்லுக்காரம்மா எழுந்து வந்தார். பாட்டிலுக்குள் இறுகியிருந்த கட்டியை மேஜையிலிருந்து எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, அதன் வழியாகத் தெருவைப் பார்த்தார். தண்ணி வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"பல்லு பல்லு நெறந்தான பாய்?"

"பல்லு பல்லு மாதிரிதான் இருக்கும். தட்டுதான் கண்ணாடி."

"அப்ப செய்யுங்க. நான் பாடும்போது என் அண்ணாக்கைப் பாக்குதவன் பாட்டுக் கேக்க வந்தவன் இல்ல."

செய்தோம். அந்த வெயிலில் மாவு சீக்கிரம் இறுகும். ஈர மணலில் சாடியைப் புதைத்து வைத்துக் கலந்தேன். சாடியில் ஒட்டாமல் சுத்தமாகப் பிரிந்து வரும் நேரம் பார்த்துத் திணித்தேன். முந்தினால் நூல் நூலாக ஒட்டும். பிந்தினால் ரப்பர் மாதிரித் திமிரும். அந்த நேரத்தைக் கடிகாரம் சொல்லாது, விரல்தான் சொல்லும். பெட்டியை மூடி இறுக்கி, தண்ணீரில் இறக்கி, ஸ்டவ்வில் வைத்தோம்.

பாய் திரியைத் தாழ்த்தி வைத்தார். குடக்காரர் ரெண்டு தடவை எழுந்து திரியைத் தூண்டப் போனார். மூன்றாம் தடவை போவதற்குள் பாய் தன் ஸ்டூலை இழுத்து ஸ்டவ் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். சும்மா இல்லை. இந்தச் சாமான் இறுகும்போது தானாகவும் சூடாகும். வெளிச்சூடும் சேர்ந்து ஏறினால் உள்ளேயே பொங்கி, குமிழ் குமிழாகிவிடும். ஈறு நிறத்தில் அது தெரியாது. கண்ணாடியில் பொரி போட்ட மாதிரித் தெரியும்.

வேகிற வரைக்கும் பெரியவர் பருத்தி விலை பேசினார். வில்லுக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

பெட்டியை எடுத்து மணலில் வைக்கும்போது மணி ரெண்டைத் தாண்டிவிட்டது. பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. இனி ஆற வேண்டும். தானாக ஆற வேண்டும். பஸ் வருகிற மூன்று மணிக்குள் அது ஆறாது.

குடக்காரர் ஓடிப்போய் ஒரு செம்புப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணி வண்டிக்குக் காத்துக் கிடக்கிற அந்த ஊரில் குடிதண்ணீரை எடுத்து ஒருவர் கீழே ஊற்ற வந்தார் என்றால் அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய் பெட்டிக்கு மேலே கையை விரித்து மறித்தார்.

"ஊத்தினா இப்பவே தொறக்கலாம். வளைஞ்சிரும். கண்ணுக்குத் தெரியாது. வாய்க்குத் தெரியும். பாதிப் பாட்டுல தட்டு கழண்டு மடியில விழும்."

"பஸ் போயிருமே பாய்."

"போகட்டும்."

சொல்லிவிட்டார். ஆனால் முகம் கறுத்துப்போனது. அவரிடம் அதற்கு மேல் வழி இல்லை. என்னிடமும் இல்லை. பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் சொன்ன சொல்லுக்குக் காத்திருந்தாயிற்று. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. செருப்பைக் காலால் தேடினார்.

அப்போதுதான் வில்லுக்காரம்மா கண்ணைத் திறந்தார்.

கெஞ்சவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. பல் இல்லாத வாயோடு சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"பஸ்ஸுக்கு நேரங் கெடக்கு அண்ணாச்சி. நிக்குத நேரத்துல உங்க அம்மன் கதையை ஒருவாட்டி சரி பாத்துக்கிடுதேன். உப்பு வண்டியில வந்தவதான உங்க அம்மன்?"

பெரியவர் ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"உப்பு வண்டியா?"

"ஆமா, தூத்துக்குடியிலருந்து வந்த உப்பு வண்டி."

"யாரு சொன்னது? பருத்தி வண்டி! பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தப்போ, பருத்திப் பொதிக்குள்ள மறைச்சு வச்சுக் கொண்டுவந்த அம்மன் அவ."

"அப்படியா. நான் உப்புன்னுல்லா கேள்விப்பட்டேன். சரி, பருத்தியே இருக்கட்டும். வண்டி ஓடையில கவுந்து..."

"கவுறல! கரிசல்ல சக்கரம் பதிஞ்சது. மழை பேஞ்சு சேறு. வண்டி நகரல."

"ஒரு சோடி மாட்டால நகத்த முடியல."

பெரியவர் அந்தச் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

குடக்காரர் பெண்சாதியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் கொடையில் வருஷா வருஷம் அவர்கள் பாடின கதை அது. அந்தம்மாவுக்கு அது தூக்கத்தில்கூடத் தப்பாது. குடக்காரர் கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு புரிந்துகொண்டார். அதற்கப்புறம் அவர் போட்ட 'ஆமா' ஒவ்வொன்றும் கணீரென்று இருந்தது. உப்பு என்றால் ஆமா. கவிழ்ந்தது என்றால் ஆமா. வருஷா வருஷம் இவர்கள் பாடின கதைதானே என்று யோசிக்கப் பெரியவரைக் கோபம் விடவில்லை; அந்தம்மா சொன்ன தப்பைவிட இவர் போட்ட ஆமாதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், நீ எதுக்கு ஆமா போடுதே? ஒரு சோடி மாடு இல்ல. மூணு சோடி. மூணாவது சோடி எங்க முப்பாட்டன் வீட்டு மாடு."

"உங்க முப்பாட்டன் வீட்டு மாடா அண்ணாச்சி? கண்ணு தெரியாத கெழட்டு மாடுன்னுல்லா சொல்லுவாவ?"

ஒருத்தர் தன் ஊர் அம்மன் கதையைத் தப்பாகக் கேட்டுவிட்டு பஸ் ஏற மாட்டார். அதுவும் தன் முப்பாட்டன் மாட்டைக் குறை சொன்ன பிறகு. பெரியவர் மேஜையில் ரெண்டு கையையும் ஊன்றி, அந்த மாட்டின் கொம்பு, திமில், நெற்றிச் சுட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. கடை வாசல் வழியாகத்தான் போனது. புழுதி உள்ளே வந்தது. பெரியவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அம்மன் முதல் முதலாக யார்மேல் இறங்கினாள் என்பதற்கு வந்திருந்தார்.

பாய் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

திறந்தோம். சுண்ணத்தை உடைத்து, தட்டை எடுத்து, ராவி மெருகு போட்டேன். மெருகு ஏற ஏற விரல் ரேகை தட்டு வழியாகத் தெரிந்தது. பின்னால் கடைவாய்ப் பக்கம், தடிப்பான இடத்தில், கடுகுபோல ஒரே ஒரு குமிழ் இருந்தது. அந்தம்மா அதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். உள்ளே பொங்கின இடம், பலத்துக்குக் குறைவில்லை என்று பாய் சொன்னார். மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது.

வாயில் வைத்து அழுத்தினார். தட்டுக்கு அடியில் ஈறு சிவப்பாகத் தெரிந்தது. முன்பக்கம் ஒரு இடமும், வலது ஓரம் ஒரு இடமும் வெள்ளையாக இருந்தன. அந்த ரெண்டு இடத்தை மட்டும் ராவினோம். மறுபடி வைத்தார். வெள்ளை போயிற்று. தட்டு மேலே போய் ஒட்டிக்கொண்டது. பாய் இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

முதல் பேச்சு விசில் மாதிரி வந்தது. எச்சில் நிறைந்தது.  அந்தம்மா தட்டைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், மறுபடி மாட்டினார். பாட்டுக்குப் போகவில்லை. வசனத்தில் ஆரம்பித்தார். நிதானமாக, சொல் சொல்லாக. புது மாட்டை வண்டியில் பழக்குகிறவன் முதல் நாளே ஓட்டமாக ஓட்ட மாட்டான், அந்த மாதிரி. நாக்கு பல்லை ஒவ்வொரு சொல்லிலும் தேடிக் கண்டுபிடித்ததை நாங்கள் கேட்டோம். அப்புறம்தான் 'தந்தனா'. சுத்தமாக விழுந்தது. குடக்காரர் சுண்ண டின்னைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க ஆரம்பித்தார்.

அந்தம்மா பாடினது அந்த ஊர் அம்மன் கதைதான். பருத்தி வண்டி. பாஞ்சாலங்குறிச்சி. சேற்றில் பதிந்த சக்கரம். மூன்று சோடி மாடு. மூன்றாவது சோடியின் நெற்றிச் சுட்டி வரைக்கும் ஒன்று தவறவில்லை. பெரியவர் சொல்லாத ரெண்டு மூன்று சங்கதிகளும் அதில் இருந்தன. தெருவில் போனவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். ஒருத்தரும் அண்ணாக்கைப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பெரியவர் அந்தம்மா பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கு. அப்ப மத்தியானம் சொன்னது?"

"அது பல்லு இல்லாம சொன்னது அண்ணாச்சி. வாய் கொழறிட்டு."

"உப்புன்னு கொழறிச்சா?"

"ஆமா" என்றார் குடக்காரர்.

பெரியவர் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. சிரித்துக்கொண்டே மடியை அவிழ்த்தார். வெற்றிலை வெயிலில் வாடியிருந்தது. அதை ரெண்டு கையாலும் நீட்டினார். அந்தம்மா எழுந்து நின்று முந்தானையில் வாங்கினார். வாங்கினதை இறுக்கி முடிந்துகொண்டார். 

தம்பிகளே, தங்கச்சிகளே, அவசரம் என்று வருகிறவர்கள் உங்களிடமும் வருவார்கள். கல்யாணம் என்பார்கள், ரயில் என்பார்கள், வேலைக்கு நேர்முகம் என்பார்கள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். சாமானுக்கு அது தெரியாது. ஆற வேண்டிய நேரத்துக்கு அது ஆறும். நீங்கள் செய்ய வேண்டியது செம்புத் தண்ணீரைத் தடுப்பதுதான். வைகிறவர்கள் வையட்டும். பாய் அதைச் செய்தார். அவர் அளவுக்கு அது பெரிய காரியம்.

ஆனால் அன்றைக்கு நான் அதிகம் மதித்தது வாயில் தட்டே இல்லாமல் உட்கார்ந்திருந்தவரை. சாமான் ஆறுவதற்கு நேரம் வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. பெட்டிக்குள் என்ன வந்திருக்கும் என்று எங்களுக்கே நிச்சயம் இல்லாதபோது, தன் பிழைப்பு முழுசையும் அதை நம்பி வைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உப்பு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். நம்மிடம் வருகிறவர்களை வாய் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

ஈறு நிறத்தில் வேறு தட்டு செய்து தருவதாகப் பாய் பிறகு சொல்லி அனுப்பினார். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. கொடைக் காலம் முடிந்ததும் குடக்காரர் கடைக்கு வந்தார். புண் இல்லை, ஆட்டம் இல்லை என்றார். எத்தனை ஊர் என்று கேட்டேன். ஊர் ஊராகப் பெயர் சொல்லி விரல் மடக்கினார்.

பதினாலு.